சிவப்பு நூல் பொட்டலம்

பெர்கன், நார்வே
18.1.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே ஒன்பதரைக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. நடுவில் மழை. அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டை விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ருசியாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நேரில் பேசியதை எழுத்திலும் வைக்கிறேன். போனில் சொன்னால் "சரி சரி" என்பீர்கள், மறுநாள் மறந்துவிடுவீர்கள்.

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸோடு நான் ஏழு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அதன் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தைச் செய்யும் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, பிறகு அந்த பாக்டீரியாவைக் கொன்று பொடியாக்கியிருக்கிறேன். இறால் அதைத் தின்றால் நிஜ வைரஸ் வரும்போது தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி. கண்ணாடித் தொட்டியில் நூற்றுக்கு அறுபது பிழைத்தது. ஆனால் தொட்டி வேறு, குட்டை வேறு. இங்கே சால்மன் மீனுக்கு ஊசி போட்டால் அதன் உடம்பு நோயை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இறாலுக்கு அந்த ஞாபகமே கிடையாதே, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று இங்குள்ள பெரியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உங்கள் இறால் குட்டையும் உங்கள் சிநேகிதர் சேகர் அண்ணன் குட்டையும் ஒரே அளவு, ஒரே கரை, ஒரே கால்வாய்த் தண்ணீர். இந்தத் தடவை இருவரும் ஒரே இடத்தில் குஞ்சு வாங்குங்கள். சென்னையில் என் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து மேரி பொடியைக் கொண்டு வருவாள். சிவப்பு நூல் கட்டிய பொட்டலம் மருந்து. அது உங்கள் குட்டைக்கு. வெள்ளை நூல் கட்டியது மருந்தில்லாத வெறும் பாக்டீரியா. அது சேகர் அண்ணன் குட்டைக்கு. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முட்டை வெள்ளையில் குழைத்துத் தீனியோடு கலக்க வேண்டும். கலப்பது நீங்களே செய்யுங்கள். சேகர் அண்ணனிடம் இரண்டும் சத்துப்பொடி என்றே சொல்லுங்கள்.

தங்கை,
முபீனா


பழவேற்காடு
10.3.2002

அன்புத் தங்கை முபீனாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அம்மா நலம். கருவாடு ருசியாக இருந்ததைச் சொன்னேன். இன்னும் இரண்டு கிலோ காயப்போட்டிருக்கிறது, பார்சல் வரும். உனக்கு வேண்டும்தான்.

ஊரில் நீ டாக்டர் என்று பரவிப்போய், கறிக்கடை ஹனீப் முழங்கால் வலிக்கு உன்னிடம் மாத்திரை கேட்கச் சொன்னார். என் தங்கை இறாலுக்குத்தான் வைத்தியம் பார்ப்பாள் என்றேன். "அப்போ எனக்குக் காலு பத்து இருந்தா பாப்பாளா?" என்கிறார்.

பக்ரீத் முடிந்தது. சேகர் வீட்டுக்கு வழக்கம்போல ஒரு கூறு கறி போனது. தூக்குவாளியை வெறுமனே திருப்பக்கூடாதென்று அவன் பெண்சாதி புவனேஸ்வரி நண்டுக் குழம்பு ஊற்றி அனுப்பினாள். ஆறாம் தேதி இரண்டு குட்டையிலும் குஞ்சு விட்டோம். மேரி பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். முப்பதாம் நாளிலிருந்து கலக்க வேண்டும் என்று சொன்னாள். சேகர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "உன் தங்கச்சி குட்த்தா வெஷமா இருந்தாலும் போடுவேன்டா" என்றான்.

ஒரு சந்தேகம் முபீனா. சேகர் குட்டைக்கும் சிவப்பையே போட்டால் என்ன? பொடி பத்தாது என்றால் சொல், என்னுடையதில் குறைத்துக்கொள்கிறேன். பதில் போடு.

அண்ணன்,
தௌஹீத்


பெர்கன்
25.3.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

கூடாது. பொடி பத்தாமல் இல்லை. இரண்டு குட்டைக்கும் மருந்து போட்டால், இரண்டும் பிழைத்தால் மருந்தால் பிழைத்ததா, நோயே வராமல் பிழைத்ததா என்று யாருக்குத் தெரியும்? ஒன்று தின்ன வேண்டும், ஒன்று தின்னக்கூடாது. அதற்குப் பெயர்தான் சோதனை. இரக்கப்பட்டால் காரியம் கெடும்.

ஒரே ஒரு போகம் அண்ணா. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த வருடம் முதல் பொட்டலம் சேகர் அண்ணனுக்குத்தான். இங்கே என் வேலை அடுத்த ஜூனோடு முடிகிறது. கையில் ஒரு நல்ல முடிவு இருந்தால் சென்னையில் எனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கிடைக்கும், வீட்டுக்கு வந்துவிடுவேன். இல்லாவிட்டால் இன்னொரு குளிர்நாட்டில் இன்னொருவர் மேசையில் வேலை. இதை மனதில் வையுங்கள்.

முபீனா


பழவேற்காடு
30.4.2002

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். தீனி கலக்கும் கணக்கை நோட்டில் எழுதி, நகல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரே பேஜார். என் மோட்டார் எரிந்துபோய்ப் பொன்னேரியில் வைண்டிங் கடையில் கிடக்கிறது. நாளைக்கு நாளைக்கு என்று கடைக்காரன் பன்னிரண்டு நாளாக இழுத்தடிக்கிறான். குட்டையில் புதுத் தண்ணீர் ஏற்றவே முடியவில்லை. சேகர் தன் மோட்டாரிலிருந்து குழாய் போட்டுக்கொள்ளச் சொன்னான். குழாய் எட்டவில்லை. கால்வாயில் வடக்கே இரண்டு குட்டை செத்து, தண்ணீரைத் திறந்துவிட்டதாகப் பேச்சு. எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தௌஹீத்


பழவேற்காடு
19.5.2002

முபீனா,

சேகர் குட்டை போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் நாலைந்து இறால் கரையோரம் வந்து ஒட்டிக் கிடந்தன. தலை ஓட்டை உரித்துப் பார்த்தால் வெள்ளைப்புள்ளி. வியாழக்கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. காக்கைகள் இறங்கிவிட்டன. மேரி வந்து செத்ததில் கொஞ்சம் சாராய பாட்டிலில் போட்டு எடுத்துப் போனாள்.

என் குட்டை நிற்கிறது. ஒரு இறால்கூடச் சாகவில்லை.

அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று செத்ததை வாரிக்கொண்டிருந்தான். நானும் இறங்கினேன். "நீ வராத, உன் குட்டைக்கு ஒட்டிக்கும்"னு விரட்டிவிட்டான்.

தௌஹீத்


பெர்கன்
2.6.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தின் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாதி சேகர் அண்ணனுக்காக. மீதி எதற்கென்று உங்களுக்குத் தெரியும், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். வெள்ளை செத்தது, சிவப்பு நின்றது. ஏழு வருடத்தில் இப்படி ஒரு வரியை என்னால் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பேராசிரியரும் கேட்பார். பொட்டலம் மாறவில்லையே? ஒருநாள் கூட மாறவில்லையே? அல்லாஹ்வுக்குப் பயந்து பதில் எழுதுங்கள்.

முபீனா


பழவேற்காடு
20.6.2002

அன்புத் தங்கைக்கு,

பொட்டலம் மாறவில்லை.

அறுவடை முடிந்தது. நல்ல எடை. அம்மா பள்ளிவாசலுக்கு எதிரே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள்.

மேரி, பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு புவனேஸ்வரியிடம் வெள்ளை நூல் வெறும் பொடி என்று சொல்லிவிட்டிருக்கிறாள். சேகர் கரைக்கு வந்தான். உட்காரவில்லை.

"எனக்கு வெள்ளை, உனக்குச் சேப்பா? சொல்லுடா. இன்னா பாக்கற?"

நான் குனிந்து வலையை மடிக்க ஆரம்பித்தேன்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே வெள்ளைய எட்த்துக்கினு இருந்திருப்பேன். உன் தங்கச்சிக்குன்னா மாட்டேன்னா சொல்லுவேன்? நீ கேக்கலயே."

போய்விட்டான். சின்ன வயதில் ஒரே படகில் நண்டுக்கூடு போட்டவர்கள் நாங்கள். புவனேஸ்வரியிடமிருந்து எங்கள் வீட்டுத் தூக்குவாளி திரும்பி வந்திருக்கிறது. வெறுமனே.

தௌஹீத்


பெர்கன்
6.1.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. உங்கள் குட்டையும் சேகர் அண்ணன் குட்டையும் ஒன்று, இரண்டு என்ற எண்களோடு அச்சில் வரப்போகின்றன. சென்னையில் ஜூலையிலிருந்து என் பெயரில் ஆய்வுக்கூடம். அம்மாவிடம் சொல்லுங்கள், இனி கருவாடு பார்சல் வேண்டாம்.

வரும் போகத்தில் கால்வாய்க் கரையில் பத்துக் குட்டைகளுக்குப் பொடி கொடுக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை எல்லாம் சிவப்பு நூல்தான். பட்டியலில் முதல் பெயர் சேகர். வாக்குக் கொடுத்தபடியே செய்துவிட்டேன். மேரி நேரில் போய்க் கேட்டபோது, "போன வருசம் எனக்குக் குட்த்திருந்தா இந்நேரம் நான் நின்னிருப்பேன்"னு சொல்லி ஒத்துக்கொண்டாராம். புவனேஸ்வரியின் தம்பிகள் இரண்டு பேரும் குட்டை எடுக்கிறார்களாம்.

பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் இல்லையே, ஏன்?

முபீனா


கும்மிடிப்பூண்டி
20.2.2003

அன்புத் தங்கைக்கு,

மேலே ஊர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். குட்டையை விட்டுவிட்டேன். இங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. தொப்பி, விசில் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். நம் அத்தா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

பக்ரீத் கறியைச் சேகர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வாங்கவில்லை.

முபீனா, ஒரு போகம் பார்த்தது போதுமா? ஒரு குட்டை பிழைத்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று நீயே முன்னால் சொல்வாய். பத்துப் பேரும் உன் பொடியை நம்பிக் குஞ்சை நெருக்கி விடப்போவதாகக் கேள்வி. இந்த வருடம் இரண்டு குட்டையில் மட்டும் போட்டுப் பார்க்கலாமே? நான் படிக்காதவன், தெரியாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே. எழுத நிறைய இருக்கிறது. பேனா ஓடவில்லை.

தௌஹீத்


பெர்கன்
8.3.2003

அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. ஊரே நம்பும்போது சொந்த அண்ணன் நம்பவில்லை. இங்கே கூட்டத்தில் கேள்வி கேட்டு மடக்குகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன். நீங்கள் அந்தப் பக்கம் போய் நின்றால் என்ன செய்வது?

சேகர் அண்ணனோடு மனஸ்தாபம் என்றால் அதை அவரோடு தீர்த்துக்கொள்ளுங்கள். அவர் பிழைத்து எழுந்துவிடக்கூடாது என்று நினைப்பதுபோல இருக்கிறது உங்கள் கடிதம். சுருக்கென்று சொல்கிறேன், மன்னியுங்கள்.

முபீனா


கும்மிடிப்பூண்டி
12.6.2003

முபீனாவுக்கு,

பத்தும் போய்விட்டன. மேரி போன் செய்திருப்பாள். சேகர் குட்டை மூன்றாவதாகப் போனது. அவன் மச்சான்கள் குட்டை கடைசியாக. கால்வாய்க் கரை முழுக்க நாற்றம். நான் லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷன் இல்லை.

போன வருடம் "கூடாது" என்று நீ எழுதின கடிதம் வந்த மறுநாள்தான் பொடி கலக்க ஆரம்பிக்க வேண்டும். தீனிக் கொட்டகையில் இரண்டு பொட்டலத்தையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே சேகர் எனக்கும் சேர்த்து நாஷ்டா வாங்கி வந்து, "இன்னாடா, மாவு பெசஞ்சுக்கினே இருக்க, ஆறிப் போவுது வா" என்று கூப்பிடுகிறான். எனக்குக் கை வரவில்லை முபீனா. பக்ரீத் கறியைத் தராசில் வைத்து, எலும்பும் சதையும் எல்லாக் கூறிலும் சரியாக வருகிறதா என்று பார்த்துப் பங்கு போடுகிற கை இது. ஒரு கூறில் வெறும் எலும்பை வைத்து அவன் வீட்டுக்கு அனுப்ப அந்தக் கைக்குத் தெரியவில்லை. சிவப்பையும் வெள்ளையையும் ஒரே அண்டாவில் கொட்டினேன். கலந்து, நிறுத்து, ஆளுக்குப் பாதி. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். உனக்கு அனுப்பின கணக்கெல்லாம் பொய்.

அவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேரி காதுக்குப் போய், உன் காதுக்கு வரும்.

அவன் குட்டை செத்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனும் மருந்து தின்றவன்தான். தின்றும் செத்தது. அதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்தது, குளிர் அறைக்குள் அழுதேன் என்று. பொட்டலம் மாறவில்லையே என்று கேட்டிருந்தாய். மாறவில்லை என்று எழுதினேன். மாறவில்லைதானே, கலந்தது. அல்லாஹ்வுக்குப் பயந்து எழுதச் சொன்னாய். நான் உன் அழுகைக்குப் பயந்து எழுதினேன்.

சேகர் வந்து உனக்குச் சிவப்பா, எனக்கு வெள்ளையா என்று கேட்டபோது, "உனக்கும் போட்டேன்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் என்னைக் கட்டிக்கொண்டிருப்பான். உன் ஏழு வருடம் அந்த நிமிஷமே போயிருக்கும். நண்பனுக்குத் துரோகம் செய்தவன் என்ற பெயர் எனக்கே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதைப் பெரிய தியாகம் என்றுவேறு நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மார்ச்சில் அவன் மறுபடி குஞ்சு விடும்போது கரையில் நின்று பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்னால் பிப்ரவரியில் உனக்கு ஒரு கடிதம் போட்டதோடு சரி. நீ திட்டினாய். அதுவே போதும் என்று எனக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது.

நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

தௌஹீத்


பெர்கன்
29.6.2003

அண்ணனுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றும் உங்களைத் திட்டி. இது நாலாவது. கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பத்துக் குடும்பம் அண்ணா. மார்ச்சில் ஒரு போன், ஒரே ஒரு வரி. எஸ்.டி.டி. பூத் உங்கள் கம்பெனி வாசலிலேயே இருக்கிறது.

ஆனால் நான் மட்டும் யோக்கியமா? எந்தக் குட்டைக்கு மருந்து என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். எந்தப் பொட்டலம் எது என்று கலக்குகிறவருக்குத் தெரியவே கூடாது. முதல் வருட மாணவிக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நான் குலுக்கவில்லை. என் அண்ணன் குட்டை பிழைக்கட்டும் என்று உங்களுக்குச் சிவப்பை எழுதினேன். கட்டுரையில் மட்டும் குலுக்கியதாக அச்சிட்டிருக்கிறேன். நீங்கள் தராசு வைத்து நேராக்கியது நான் கோணலாக்கியதைத்தான்.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். உங்கள் குட்டை ஏன் பிழைத்தது என்பது ஏப்ரல் கடிதத்திலேயே இருக்கிறது. மோட்டார் எரிந்து பன்னிரண்டு நாள் நீங்கள் கால்வாய்த் தண்ணீரை ஏற்றவில்லை. வடக்கே செத்த குட்டையின் தண்ணீர் வந்த அதே நாட்கள். சேகர் அண்ணன் ஏற்றினார். அவ்வளவுதான். பொன்னேரி வைண்டிங் கடைக்காரர் செய்ததைக்கூட என் மருந்து செய்யவில்லை. ஒரு வருடமாக அந்தக் கடிதம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. மோட்டார் விஷயத்தைப் படித்துவிட்டு, அண்ணனுக்கு எப்போதும் ஒரு புலம்பல் என்று மடித்து வைத்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சேகர் அண்ணனிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். அதையாவது செய்யுங்கள்.

முபீனா


கும்மிடிப்பூண்டி
21.7.2003

முபீனாவுக்கு,

சொன்னேன். சேகரும் இப்போது சிப்காட்டில்தான் இருக்கிறான், இரும்பு உருக்குகிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் நிறுத்திச் சொன்னேன். கண் இமையெல்லாம் கரி. பொறுமையாகக் கேட்டான்.

"நல்லா கத கட்ற. பத்தும் செத்த பெறவு வந்து எனக்கும் போட்டேன்ற. போடலன்னே இருக்கட்டும்டா. அத்தயும் பொய் சொல்லாத" என்றான்.

நம்பவில்லை. நான் எதைக் காட்டி நம்ப வைப்பேன்?

தௌஹீத்


பெர்கன்
30.8.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது.

போன வருடம் சேகர் அண்ணன் குட்டையில் செத்த இறாலை மேரி சாராயத்தில் போட்டு வைத்தாளே, அது சென்னையில் இன்னும் இருந்தது. அப்போது அதில் வைரஸ் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தோம். மருந்து இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. அண்ணன் எழுதியதை எதற்குச் சோதிப்பது என்று இருந்துவிட்டேன். மருந்துப் பொடியில், வைரஸின் மரபணுவை பாக்டீரியாவோடு நான் ஒட்டிய ஓர் ஒட்டு இருக்கிறது; அந்த ஒட்டு நிஜ வைரஸிலும் கிடையாது, வெள்ளைப் பொடியிலும் கிடையாது. அந்த இறாலின் குடலில் அது இருந்தால் அது மருந்து தின்ற இறால்.

மேரியை அனுப்பி வைக்கச் சொன்னேன். இங்கே என் வேலை ஜூனோடு முடிந்துவிட்டாலும், பேராசிரியரிடம் ஒரு வாரம் மேசை கேட்டு வாங்கி நானே செய்து பார்த்தேன். கட்டுரைக்கு இது தேவையில்லை, அது ஏற்கெனவே செத்துவிட்டது. உங்களுக்காகச் செய்தேன். எட்டு இறால் பார்த்தேன். எட்டிலும் இருக்கிறது. படம் இத்துடன் வருகிறது. கறுப்புப் பின்னணியில் ஏணிப்படிபோல ஒரு வரிசை தெரியும், அது அளவுகோல். அதற்குப் பக்கத்தில் ஒரே உயரத்தில் எட்டு வெள்ளைக் கோடுகள். அந்த எட்டுக் கோடும் நீங்கள் பங்கு போட்டதற்குச் சாட்சி. என் தொழிலில் நான் செய்த பிழையில்லாத சோதனை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சேகர் அண்ணனிடம் கொடுங்கள்.

சென்னை ஆய்வுக்கூடம் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இங்கே சால்மன் பண்ணைகளிலிருந்து வரும் பாட்டில்களுக்கு எண் ஒட்டும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. விசா இருக்கும் வரை ஒட்டுவேன். ஊருக்கு எந்த முகத்தோடு வருவது? அம்மாவிடம் வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

முபீனா


கும்மிடிப்பூண்டி
5.10.2003

அன்புத் தங்கை முபீனாவுக்கு,

படம் வந்து சேர்ந்தது. தபாலில் மடங்கிவிடாமல் அட்டை வைத்து அனுப்பியிருந்தாய். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பஸ் பிடித்துச் சேகர் வீட்டுக்குப் போனேன். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு அந்த வாசல். புவனேஸ்வரி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சேகர் ஷிப்ட் முடிந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

படத்தைக் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதுல எங்க கீது நீ போட்டது?" என்றான். நீ எழுதினபடியே விரலை வைத்துக் காட்டினேன். எட்டுக் கோட்டையும் ஒவ்வொன்றாக எண்ணினான். நம்பிவிட்டான் முபீனா. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அப்போ மெய்யாலுமே போட்ருக்க" என்றான். எழுந்து என் பக்கம் ஒரு எட்டு வைத்தான். சரி, இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

பிறகு நின்றுவிட்டான். படத்தை மறுபடி பார்த்தான்.

"அப்போ மருந்து போட்டும் செத்துச்சு. அது உனுக்குத் தெரியும். போன வருசமே தெரியும்."

ஆமாம் என்றேன்.

"தெரிஞ்சுக்கினே, இந்த வருசம் நான் குஞ்சு வுடச்சொல்ல கரைல நின்னு பாத்துக்கினு இருந்த. என் மச்சானுங்க வுடச்சொல்லவும் பாத்துக்கினு இருந்த. எனக்குப் போடாம வுட்டிருந்தாகூட ஒரு தபா பண்ண தப்புன்னு வுட்ருப்பேன்டா."

படத்தைத் திருப்பித் தரவில்லை. நான் வந்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ நல்லதுக்குத்தான் செய்தாய். சாட்சி சரியான சாட்சிதான். அது எதையெல்லாம் சொல்லும் என்று நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு உன் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன். கருவாடு காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

சேகர் கம்பெனிக்குப் போகிற ஷேர் ஆட்டோ தினமும் காலையில் ஏழே முக்காலுக்கு என் கேட்டைத் தாண்டித்தான் போகும். முன்பெல்லாம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்போது திருப்புவதில்லை, வளைவு வருகிற வரைக்கும் நேராகப் பார்த்துக்கொண்டே போகிறான். பழையபடி திருப்பிக்கொண்டால் தேவலை.

அண்ணன்,
தௌஹீத்